ஒரே மேசையில் தொடங்கிய இரு கல்விகள்: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பல்கலைக்கழகங்களில் பொறியியலுக்கும் மேலாண்மைக்கும் பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பில் இருக்கும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். நான் முப்பத்தோரு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன். அதில் பெரும்பகுதி இயந்திரப் பொறியியல் துறையில் இயந்திர வடிவமைப்பு கற்பித்தேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் மேலாண்மைத் துறையில் உற்பத்தி மேலாண்மை கற்பித்தேன். இரண்டு துறைகளின் பாடத்திட்டக் குழுக்களிலும் உறுப்பினராக இருந்திருக்கிறேன்.

அப்படி ஒரு கூட்டத்தில், பணிமனைப் பயிற்சிக்கான நேரத்தைப் பாதியாகக் குறைக்கும் தீர்மானம் முன்வைக்கப்பட்டது. புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த இளம் ஆசிரியை ஒருவர், "இந்த நேரத்தை முதலில் வைத்தவர்கள் எதற்காக இவ்வளவு வைத்தார்கள்?" என்று கேட்டார். மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. கால் மணி நேரத்தில் தீர்மானம் நிறைவேறியது. நானும் அதை ஆதரித்தேன். அந்தத் தீர்மானம் தவறு என்று இன்றும் நான் சொல்லவில்லை. ஒன்று எதற்காக வந்தது என்று அறியாமலே அதைக் கைவிட்டோம் என்பதுதான் அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த ஆசிரியையின் கேள்விக்கு விடை தேடிப் பல ஆண்டுகள் படித்ததில் எனக்குக் கிடைத்தவற்றுள் உங்கள் வேலைக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன். மடலின் முடிவில் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன்.

பொறியியல் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் பிறந்ததன்று. மருத்துவமும் சட்டமும் இறையியலும் பல நூற்றாண்டுகளாகப் பல்கலைக்கழகங்களில் கோலோச்சிய காலத்தில், பாலம் கட்டுபவருக்கும் சுரங்கம் தோண்டுபவருக்கும் அங்கே இடமில்லை. அவர்கள் தேவைப்பட்ட அரசுகளே அவர்களுக்குத் தனிப் பள்ளிகள் அமைத்தன. 1747இல் பாரிஸில் சாலைகள், பாலங்களுக்கான பள்ளி பெரோனேயின் தலைமையில் தொடங்கியபோது, அதில் நிரந்தரப் பேராசிரியர் என்று எவரும் இல்லை. நன்கு கற்ற மாணவர்களே பின்னால் வந்தவர்களுக்குக் கற்பித்தார்கள். மறு ஆண்டு மேசியேர் நகரில் இராணுவப் பொறியாளர்களுக்கான பள்ளி தோன்றியது. பிரபுக் குலத்தில் பிறக்காததால் வரைவாளராக மட்டுமே அங்கு வேலைக்குச் சேர முடிந்த காஸ்பார் மோன்ஜ், ஒரு கோட்டையை எதிரியின் பார்வையிலிருந்து மறைக்கும் திட்டத்தை, நீண்ட கணக்குகளின்றி வடிவியல் முறையில் மிக விரைவாக வரைந்து முடித்தார். அவ்வளவு சீக்கிரம் செய்ய முடியாது என்று எண்ணிய அதிகாரி அதை முதலில் பார்க்கவே மறுத்தார் என்பார்கள். பிறகு அம்முறை இராணுவ இரகசியமாகவே பல ஆண்டுகள் காக்கப்பட்டது. இன்று முதலாண்டு மாணவர்கள் பொறியியல் வரைபடம் என்று படிக்கும் பாடத்தின் மூல ஊற்றுகளில் ஒன்று அது.

அதே நூற்றாண்டில் ஜெர்மன் மொழி வழங்கிய நாடுகளில் நடந்ததைப் பற்றி நம் துறையினர் அதிகம் பேசுவதில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் மிக முக்கியமான பகுதி அதுதான். 1727இல் பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியம், ஹாலே, ஓடர் ஆற்றங்கரை ஃபிராங்க்ஃபர்ட் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களில் கருவூல நிர்வாக இயலுக்கெனப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார். அரசுக்குச் சொந்தமான நிலத்தையும் காட்டையும் சுரங்கத்தையும் எப்படி நடத்துவது, வரவு செலவை எப்படிக் கணிப்பது என்பதே பாடப்பொருள். இந்த மரபில் வந்த கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் யோஹான் பெக்மன், கைத்தொழில்களும் ஆலைகளும் இயங்கும் விதத்தை முறைப்படுத்தி 1777இல் ஒரு பாடநூலாக வெளியிட்டார். 'டெக்னாலஜி' என்ற சொல் ஒரு பல்கலைக்கழகப் பாடத்தின் பெயராக நிலைபெற்றது அந்நூலால்தான். பெக்மன் பொறியாளர் அல்லர். நாட்டை நிர்வகிக்கப்போகும் இளைஞர்கள், தாங்கள் நிர்வகிக்கப்போகும் தொழில்களின் உள்விவரம் அறியாமல் இருக்கக் கூடாது என்று கருதிய ஆசிரியர். 1765இல் தொடங்கிய ஃபிரைபெர்க் சுரங்கக் கல்விக்கழகமும் இந்த எண்ணத்தின் வழியே வந்ததுதான்: தாதுவைச் சோதிக்கவும் தெரிந்து, சுரங்கத்தின் நிர்வாகத்தையும் ஏற்கவல்ல அலுவலரை அது உருவாக்க விரும்பியது. தொழில்நுட்பமும் நிர்வாகமும் இருவேறு படிப்புகள் என்பது அன்று எவருக்கும் தோன்றவில்லை. இன்று நாம் இயற்கையானது என்று எடுத்துக்கொள்ளும் அந்தப் பிரிவினைக்கு ஒரு தொடக்கத் தேதி உண்டு.

பாரிஸில் 1794இல் நிறுவப்பட்டு, மறு ஆண்டு எக்கோல் பாலிடெக்னிக் என்று பெயர்பெற்ற கல்லூரியிலிருந்து இன்னொரு வழக்கம் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எல்லாப் பிரிவு மாணவர்களும் முதலில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் பொதுவாகப் படிக்க வேண்டும். பின்னரே பாலம், சுரங்கம், பீரங்கி என்று தனித்தனிப் பள்ளிகளுக்குப் பிரிந்து செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அங்குதான் உறுதிப்பட்டது. நீங்கள் வகுக்கும் பொறியியல் பாடத்திட்டங்களில் முதலாண்டு ஏன் இப்படி இருக்கிறது என்று மாணவர் கேட்டால், சொல்ல வேண்டிய விடை இதுதான். அந்த ஏற்பாட்டை வகுத்தவர்களுள் முதன்மையானவரான மோன்ஜ், வரைதலுக்கும் வடிவியலுக்கும் பெரிய இடம் தந்திருந்தார். பிற்பாடு லாப்லாஸின் செல்வாக்கில் தூய கணிதப் பகுப்பாய்வு மேலோங்கியது. அதனால் மனம் குறைபட்ட மோன்ஜின் மாணவர் தியோடர் ஒலிவியே, வேறு மூவருடன் சேர்ந்து 1829இல் தொழிற்சாலைகளுக்கான பொறியாளர்களை உருவாக்க எக்கோல் சென்ட்ரால் என்ற புதிய கல்லூரியைத் தொடங்கினார். கோட்பாடு கூடிவிட்டது, செயல்முறை குறைந்துவிட்டது என்ற முறையீடு எழ, பொறியியல் கல்விக்கு முப்பத்தைந்து ஆண்டுகளே போதுமானதாக இருந்தது. உங்கள் குழுக்களில் இன்று ஒலிக்கும் அதே முறையீட்டுக்கு ஏறத்தாழ இருநூறு வயது.

இனி அந்த இளம் ஆசிரியையின் கேள்விக்கு வருகிறேன். பணிமனைப் பயிற்சி பாடத்திட்டத்துக்குள் நுழைந்த கதையில் இரண்டு ஊர்கள் முக்கியமானவை. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் 1868இல் வகுப்புகளைத் தொடங்கிய கல்லூரி, தன் வளாகத்திலேயே வாஷ்பர்ன் பணிமனை என்ற ஒன்றை நிறுவி, அதில் உண்மையான பொருள்களைச் செய்து வெளியே விற்றது. வாடிக்கையாளர் வாங்கும் பொருளைச் செய்யும்போதுதான் மாணவருக்குத் தொழில் புரியும் என்பது அதன் நம்பிக்கை. மாஸ்கோவின் பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியை நடத்திய விக்டர் டெல்லா-வோஸ் வேறு வழி கண்டார். தச்சு, கொல்லு, கடைசல் ஆகிய ஒவ்வொரு தொழிலையும் சிறுசிறு பயிற்சிகளாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாக அடுக்கி, விற்பனைக்காக அல்லாமல் கற்பதற்காகவே செய்யவைத்தார். 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அந்தப் பயிற்சித் துண்டுகளைப் பார்த்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் ஜான் ரங்கிள், தாம் தேடிக்கொண்டிருந்த விடை கிடைத்துவிட்டது என்று கருதி, அதே ஆண்டில் அம்முறையைத் தம் கழகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அது பல நாடுகளுக்கும் பரவியது. இன்றும் முதலாண்டு மாணவர் அரம் பிடித்து ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக்குகிறாரே, மரத்தில் ஒரு பொருத்து அறுக்கிறாரே, அந்தப் பயிற்சிகள் டெல்லா-வோஸின் வரிசையில் வந்தவை.

அன்றைய ஆசிரியர்கள் அதற்கு நேரம் ஒதுக்கியதற்குக் காரணம் இருந்தது. இயந்திரத் தொழிலின் முதலாளிகள் பலரும் பட்டறையில் வளர்ந்தவர்கள். கல்லூரியில் படித்துவிட்டு வந்தவரை அவர்கள் நம்பவில்லை. உலோகத்தைத் தொட்டறியாத பட்டதாரியைத் தொழிற்கூடம் ஏற்காது என்ற அச்சத்துக்குக் கல்லூரிகள் தந்த விடைதான் பணிமனை நேரம். அந்த அச்சம் இன்று அதே வடிவில் இல்லை என்று நீங்கள் கருதினால், நேரத்தைக் குறைக்க உங்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் அதை ஆராய்ந்து அறிந்த பிறகு குறையுங்கள். வூஸ்டரின் வழிக்கும் மாஸ்கோவின் வழிக்கும் இடையிலான வேறுபாட்டை அறிந்த குழு, எத்தனை மணி நேரம் என்று மட்டும் விவாதிக்காது. அந்த நேரத்தில் மாணவர் செய்யும் பொருள் யாருக்காக என்பதையும் விவாதிக்கும். நாங்கள் அதை விவாதிக்கவே இல்லை.

பல்கலைக்கழகங்கள் பொறியியலை ஏற்றுக்கொண்டது எளிதாக நடக்கவில்லை. ஜெர்மனியில் தொழில்நுட்ப உயர்கல்லூரிகள் முனைவர் பட்டம் வழங்கும் உரிமையை 1899இல் மன்னர் இரண்டாம் வில்லியமின் ஆணையால்தான் பெற்றன. பழைய பல்கலைக்கழகங்கள் அதை எதிர்த்தன. அவர்களுடைய மனக்குறையைத் தணிக்க, புதிய பட்டத்தின் சுருக்கத்தை இலத்தீன் எழுத்தில் எழுதாமல் ஜெர்மன் எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று விதித்தார்கள். ஓர் எழுத்துருவுக்குள் அடங்கியிருந்த அவமதிப்பை எண்ணிப் பார்க்கிறேன். தாங்களும் அறிவியல்தான் என்று மெய்ப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் நம் துறைக்கு எங்கிருந்து வந்தது என்பதை அது காட்டுகிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் முதல் இயந்திரவியல் பேராசிரியரான ஜேம்ஸ் ஸ்டூவர்ட், 1875இல் பதவியேற்றுப் பணிமனை அமைத்து நடத்தியதற்காகவே சக ஆசிரியர்களின் எதிர்ப்பைச் சந்தித்து, இறுதியில் விலகினார். தடை குறைவாக இருந்த இடம் ஜப்பான். கிளாஸ்கோவில் பொறியியல் பேராசிரியர் ரேங்கினிடம் படித்த ஹென்றி டயர், 1873இல் டோக்கியோவுக்குச் சென்று, இரண்டாண்டு பொதுப்பாடம், இரண்டாண்டு தொழில்நுட்பப் பாடம், இரண்டாண்டு களப்பணி என்று ஆறாண்டுப் படிப்பை வகுத்தார். அக்கல்லூரி 1886இல் பேரரசுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தபோது, பொறியியல் அங்கே மற்ற புலங்களுக்குச் சமமான ஒரு புலமாகவே அமைந்தது. குடியேற்ற ஆட்சிகள் அமைத்த கல்லூரிகளின் நோக்கம் இன்னும் குறுகியது. 1847இல் தொடங்கிய ரூர்க்கி கல்லூரி கங்கைக் கால்வாய்ப் பணிக்கு ஆள் தேவைப்பட்டதால் பிறந்தது.

அதே 1886ஆம் ஆண்டில் மேலாண்மைக் கல்வியின் விதையும் விழுந்தது, அதுவும் பொறியாளர்களின் கூட்டத்தில். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் சிகாகோவில் கூடியபோது, பூட்டுத் தொழிற்சாலை நடத்திவந்த ஹென்றி டவுன் என்ற பொறியாளர் ஒரு கட்டுரை படித்தார். பொறியாளர் பொருளாதாரமும் அறிந்தவராக இருக்க வேண்டும். ஒரு தொழிற்கூடத்தை நடத்துவது பொறியியலுக்கு இணையான முக்கியத்துவம் உடையது. ஆனால் அதைப் பற்றிய அறிவு எங்கும் திரட்டப்படவில்லை, அதற்கென ஒரு சங்கமோ இதழோ இல்லை என்பதே அவருடைய கருத்து. டவுன் வாழ்ந்த காலத்தின் பின்னணியும் இருக்கிறது. இரயில் பாதைகள் நூற்றுக்கணக்கான மைல்கள் நீண்டபோது, ஒரே முதலாளியின் கண்பார்வையில் தொழிலை நடத்த முடியாமல் போனது. எரி இரயில் பாதையின் கண்காணிப்பாளர் டேனியல் மெக்காலம், யார் யாருக்குப் பொறுப்பு என்பதை 1855இல் ஒரு மரத்தின் கிளைகளைப் போல வரைபடமாக்கினார். அவரும் பாலம் வடிவமைத்தவர்தான்.

டவுனின் கட்டுரையைத் தொடர்ந்து அதே சங்கத்தில் 1895இலும் 1903இலும் கட்டுரைகள் படித்த ஃபிரடெரிக் டெய்லரை உங்கள் மாணவர்கள் ஒரு பாடநூல் பத்தியாக அறிவார்கள். அவர் 1898 முதல் 1901 வரை வேலை செய்த பெத்லஹேம் இரும்பாலையின் பெரும் பங்குதாரர் ஜோசஃப் வார்ட்டன். 1881இல் ஒரு இலட்சம் டாலர் நன்கொடை தந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வணிகக் கல்விக்கான முதல் பள்ளியை நிறுவியவரும் அவரே. ஆலையும் பள்ளியும் அவ்வளவு அருகில் இருந்தன. ஆனால் வார்ட்டன் பள்ளி நிதியையும் அரசியல் பொருளாதாரத்தையும் கற்பித்தது. ஆலைக்குள் நடப்பதைக் கற்பிக்கும் வேலையைப் பொறியியல் கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் ஹ்யூகோ டீமர் 1909இல் தொழிலகப் பொறியியலுக்குத் தனித் துறை கண்டார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1914இல் பொறியியல் நிர்வாகம் என்ற படிப்பைத் தொடங்கியது, பிற்கால ஸ்லோன் பள்ளி அதிலிருந்து வளர்ந்தது. 1908இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி தொடங்கியபோதும், அதன் முதல் தலைவரான எட்வின் கே, ஃபிரடெரிக் டெய்லரை அழைத்து விரிவுரை ஆற்றவைத்தார். பிரான்ஸில் ஹென்றி ஃபயோல் என்ற சுரங்கப் பொறியாளர், ஒரு பெரிய சுரங்க நிறுவனத்தைப் பல்லாண்டுகள் நடத்திய அனுபவத்தோடு 1916இல் எழுதினார்: பொறியியல் பள்ளிகள் கணிதத்தை அளவுக்கு மீறிக் கற்பிக்கின்றன, நிர்வாகத்தைக் கற்பிப்பதே இல்லை, நிர்வாகம் கற்பிக்கக்கூடிய ஒன்றுதான். மேலாண்மைக் கல்வியின் முன்னோடிகள் என்று நாம் வணங்கும் பெயர்களில் எத்தனை பேர் பொறியாளர்கள் என்பதை மேலாண்மை மாணவர்களில் பலர் அறியாமலே பட்டம் பெற்றுச் செல்கிறார்கள்.

இந்த வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மாணவர்கள் படிக்க வேண்டும். 1911இல் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையின் வார்ப்படத் தொழிலாளர்கள், டெய்லரின் முறைப்படி நிறுத்துக் கடிகாரத்தால் தங்கள் வேலையை அளந்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தனிக்குழு டெய்லரையே அழைத்து விசாரித்தது. பின்னர் அரசுத் தொழிற்கூடங்களில் அத்தகைய நேர அளவீட்டுக்குப் பணம் செலவிடுவதையே நாடாளுமன்றம் தடுத்தது. உலோகம் வெட்டும் வேகத்தை அளப்பதில் ஈடற்ற திறன் காட்டிய ஒரு பொறியாளர், அந்த உலோகத்தை வெட்டும் மனிதரையும் அதே முறையில் அளக்கலாம் என்று நம்பியதில் நேர்ந்த பிழை அது. அந்தப் பிழையைச் சரிசெய்ய முயன்றவர்களில் லில்லியன் கில்பிரெத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். 1915இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, வேலை செய்பவரின் சோர்வையும் மனநிறைவையும் தொழிலகப் பொறியியலுக்குள் கொண்டுவந்த அவர், 1935இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளியில் பேராசிரியரானார். ஹார்வர்ட் வணிகப் பள்ளியோ தன் முழு இரண்டாண்டு எம்பிஏ படிப்பின் முதலாண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1963இல்தான். இக்கல்விகளின் வரலாறு என்றால் யாருக்கு அவை மறுக்கப்பட்டன என்பதும்தான். வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவியருக்கு அதை நாம் சொல்லாமல் விட்டது நியாயமில்லை.

பிறகு இரண்டு கல்விகளும் ஏன் பிரிந்தன? பல்கலைக்கழகத்துக்குள் மதிப்புத் தேடிய விதத்தில்தான் பிரிந்தன என்று நான் கருதுகிறேன். ஹார்வர்டில் எட்வின் கேயை அடுத்து 1919இல் தலைவரான வாலஸ் டோனம் சட்டம் படித்தவர். சட்டக் கல்லூரியின் வழக்கு ஆய்வு மரபை ஒட்டி, கேஸ் ஸ்டடி முறையை வணிகக் கல்வியின் முதுகெலும்பாக்கினார். பொறியியலோ இயற்பியலின் பக்கம் சாய்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ரேடார், அணுகுண்டு போன்ற பெரும் பணிகளில் இயற்பியலாளர்களே முன்னின்றது, பொறியாளர்களின் அடிப்படை அறிவியல் போதவில்லை என்ற எண்ணத்தை அமெரிக்கக் கல்லூரிகளில் ஆழமாக விதைத்தது. அதன் விளைவாக, கிரிண்டர் தலைமையிலான குழு 1955இல் தந்த அறிக்கை, பாடத்திட்டத்தில் பொறியியல் அறிவியல்களுக்குப் பெரிய இடம் கேட்டது.

அந்த அறிக்கையின் உருவாக்கத்தில் நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. குழுவின் முதல் வரைவு, பொறியியல் படிப்பை இரண்டு கிளைகளாக்கலாம் என்றது: ஆராய்ச்சிக்குச் செல்வோருக்கு அறிவியல் மிகுந்த கிளை ஒன்று, உற்பத்தி, நிர்வாகம் முதலியவற்றுக்குச் செல்வோருக்குப் பொதுத் தொழிற்கிளை ஒன்று. இரண்டாவது கிளையில் தள்ளப்பட்டுவிடுவோமோ என்று கல்லூரிகள் அஞ்சின. கடுமையான எதிர்ப்பு எழுந்தது. இறுதி அறிக்கையில் அந்தப் பரிந்துரை நீக்கப்பட்டது. பின்னர் எல்லாக் கல்லூரிகளும் முதல் கிளையையே பின்பற்றத் தொடங்கின. எவரும் திட்டமிட்டு உற்பத்தியையும் நிர்வாகத்தையும் பொறியியலிலிருந்து வெளியேற்றவில்லை. இரண்டாம் தரம் என்று எண்ணப்படுவோமோ என்ற அச்சம்தான் அவற்றை வெளியேற்றியது.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1959இல், மேலாண்மைக் கல்விக்கும் இதுவே நடந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் ராபர்ட் கார்டன், ஜேம்ஸ் ஹவல் ஆகிய இரண்டு பொருளியலாளர்களும், கார்னகி நிதியத்தின் ஆதரவில் ஃபிராங்க் பியர்சனும் தனித்தனியே ஆய்ந்து, வணிகப் பள்ளிகளின் பாடங்கள் ஆழமற்றவை, கணிதமும் புள்ளியியலும் சமூக அறிவியல்களும் ஆராய்ச்சியும் அவற்றுக்குத் தேவை என்று அறிவித்தார்கள். குறைபாடு உண்மைதான், அன்றைய பல வணிகப் பள்ளிகளின் பாடம் வெறும் அலுவலகக் குறிப்புகளாக இருந்தது. ஆயினும் தீர்வு ஒரே திசையில் ஓடியது. 1949இல் தொடங்கிய கார்னகி தொழில்நுட்பக் கழகத்தின் நிர்வாகப் பள்ளியை உருவாக்கியவர்களில் ஒருவரும், பின்னர் 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவருமான ஹெர்பர்ட் சைமன், அந்த அறிவியல் திருப்பத்தின் முன்னணியில் நின்றவர். அவரே 1969இல் எச்சரித்தார்: பொறியியல் பள்ளிகள் இயற்பியல், கணிதப் பள்ளிகளாகவும், வணிகப் பள்ளிகள் கணிதப் பள்ளிகளாகவும் மாறி, வடிவமைத்தல் என்ற தங்கள் உயிரான வேலையை இழந்துவருகின்றன என்று. ஒரே காலத்தில், ஒரே காரணத்துக்காக, ஒரே இழப்பைச் சந்தித்த இரண்டு துறைகள், தங்கள் இழப்பு ஒன்றே என்பதை அறியாமல் எதிரெதிர்க் கட்டடங்களில் இருந்துவருகின்றன.

இந்தப் பிரிவினையின் விலை வகுப்பறையோடு நிற்பதில்லை. 1986 ஜனவரி 27ஆம் நாள் இரவு, சேலஞ்சர் விண்ணோடத்தை மறுநாள் ஏவலாமா என்று தொலைபேசி வழியே ஆலோசனை நடந்தது. கடும் குளிரில் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் நெகிழ்வை இழந்துவிடும் என்று உந்துபொறி தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எச்சரித்தார்கள். பின்னர் அந்நிறுவனத்தின் உயர் அலுவலர்கள் தமக்குள் கூடிப் பேசியபோது, பொறியியல் பிரிவின் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை அணிந்துகொள்ளுமாறு கூறப்பட்டது என்பது விசாரணையில் பதிவாகியிருக்கிறது. ஏவுவதற்கு இசைவு தரப்பட்டது. 73 விநாடிகளில் விண்ணோடம் சிதைந்து, அதில் இருந்த ஏழு பேரும் உயிரிழந்தார்கள். அந்த முடிவுக்குக் காரணங்கள் பல. அவை எல்லாவற்றையும் பாடத்திட்டத்தின் மேல் சுமத்த நான் விரும்பவில்லை. ஆனால் ஒரே மனிதரின் தலைக்கு இரண்டு தொப்பிகள், அவற்றில் ஒன்றைக் கழற்றினால்தான் மற்றொன்றை அணியலாம் என்ற எண்ணம் எங்கே கற்பிக்கப்படுகிறது என்று கேட்கும் கடமை நம் எல்லாருக்கும் உண்டு. ஃபிரைபெர்க்கில் படித்த சுரங்க அலுவலருக்கு அந்த வாக்கியமே விளங்கியிருக்காது.

ஆகவே என் முதல் கோரிக்கை: பொறியியல் மாணவர்களும் மேலாண்மை மாணவர்களும் ஒரே வகுப்பில் சேர்ந்து அமர்ந்து, தங்கள் இரு கல்விகளின் வரலாற்றையும் ஒரு செமஸ்டர் முழுவதும் படிக்கும் கட்டாயப் பாடம் ஒன்றை உருவாக்குங்கள். இரண்டு துறைகளின் ஆசிரியர்களும் சேர்ந்தே அதை நடத்த வேண்டும். விருப்பப் பாடமாக வைத்தால் ஏற்கெனவே ஆர்வமுள்ள சிலர் மட்டுமே வருவார்கள். மற்றத் துறையின் மாணவரோடு ஒருபோதும் பேசியிராதவர்தான் இதில் அமர வேண்டியவர்.

கிரெடிட்டுகளுக்கு இடமில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் அந்த இருக்கையில் இருந்து அதையே பலமுறை சொன்னவன்தான். பொறியியல் பாடத்திட்டம் அளவுக்கு மீறி நெருக்கப்பட்டிருக்கிறது என்று 1918இலேயே அமெரிக்கப் பொறியியல் கல்வியை ஆராய்ந்த சார்லஸ் மான் தம் அறிக்கையில் எழுதிவிட்டார். அதன் பின்னரும் வெப்ப இயக்கவியலின் கிளைகளுக்கும், மின்னணுவியலுக்கும், கணினி நிரலாக்கத்துக்கும், தரவு அறிவியலுக்கும் இடம் கிடைத்துக்கொண்டேதான் வந்திருக்கிறது. தேவை என்று குழு நம்பிய ஒவ்வொன்றுக்கும் இடம் கிடைத்தது. வரலாறு தேவை என்று நம்பப்படவில்லை, அவ்வளவுதான். கற்பிக்க ஆள் இல்லை என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. அதற்கென்று பயிற்சி பெற்ற வரலாற்றாசிரியர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பொறியியல் ஆசிரியர் ஒருவரும் மேலாண்மை ஆசிரியர் ஒருவரும் ஓராண்டு சேர்ந்து படித்தால் போதும், தொடங்கிவிடலாம்.

இரண்டாவது கோரிக்கை இதைவிட எளியது, செலவில்லாதது. பாடத்திட்டத்தில் ஒரு பாடத்தையோ ஒரு மணி நேரத்தையோ சேர்க்கும்போதும் நீக்கும்போதும், அதற்கான காரணத்தைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஒரு பத்தியாவது எழுதி வையுங்கள். அதை உங்களுக்குப் பின் வரும் குழுவின் கைக்குக் கிடைக்கும்படி பாதுகாத்து வையுங்கள். கிரிண்டர் குழுவின் முதல் வரைவும் அதற்கு எழுந்த எதிர்ப்பும் பதிவாகியிருப்பதால்தான், ஏழு பத்தாண்டுகள் கழித்தும் என்ன நடந்தது என்பதை நம்மால் அறிய முடிகிறது. நான் இருந்த குழுக்கள் விட்டுச்சென்ற குறிப்புகளில் "ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்ற வரிக்கு மேல் எதுவும் இல்லை. நானும் கையெழுத்திட்ட குறிப்புகள் அவை.

இத்தகைய பாடம் ஒன்றுக்காகப் பதினைந்து வாரங்களுக்கான கற்பித்தல் திட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். முதல் வாரம் பெக்மனில் தொடங்குகிறது. ஏழாவது வாரத்தில் டவுனின் 1886ஆம் ஆண்டுக் கட்டுரையை மேலாண்மை மாணவர்களும், வாட்டர்டவுன் விசாரணையைப் பொறியியல் மாணவர்களும் படித்து வந்து ஒருவருக்கொருவர் விளக்க வேண்டும். கடைசி இரண்டு வாரங்களில் தாங்கள் படிக்கும் பாடத்திட்டத்திலிருந்தே ஒரு பாடத்தை எடுத்து, அது எப்போது, யாரால், எதற்காகச் சேர்க்கப்பட்டது என்பதை மாணவர்கள் கண்டுபிடித்து எழுத வேண்டும். எந்தக் குழு கேட்டாலும் அத்திட்டத்தைத் தரவும், முதல் ஆண்டு வகுப்புகளில் உடன் அமர்ந்து உதவவும் அணியமாக இருக்கிறேன்.

மிகுந்த மரியாதையுடன்,

ஓய்வுபெற்ற பொறியியல், மேலாண்மை ஆசிரியர் ஒருவர்